மாசம் 90 ஆயிரம் கைக்கு வந்தும் 20ஆம் தேதிக்கு மேல காசு நிக்க மாட்டேங்குது. பர்சனல் லோன் போட்டு கார்டு பாக்கி எல்லாத்தையும் அடைச்சிடலாமா?

ஸ்விக்கிய நிறுத்து, டீக்கடைக்குப் போகாத, ஓடிடிய கட் பண்ணுன்னு இதுக்குள்ள நாலு பேரு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லீங்க. நான் ஒரு தனியார் பேங்க்ல பர்சனல் லோன் செக்ஷன்ல இருக்கேன், லோன் கேட்டு வர்றவங்களோட ஸ்டேட்மென்ட்ட வரி வரியா பாக்குறதுதான் நமக்குப் பொழப்பு. பிரியாணி ஆர்டர் பண்ணியே கடன்காரன் ஆன ஆள நான் பாத்ததில்ல. நல்ல சம்பளக்காரங்க மாட்டுறது பெரும்பாலும் ரெண்டு எடத்துல. தன்னோட சம்பளம்னு மனசுல வச்சிருக்கற நம்பரே தப்பு, அது ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவ வர்ற செலவு எதுவுமே மாசக் கணக்குல இருக்காது, அது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் ஆளக் காலி பண்ணுது.

முதல் விஷயத்த சீக்கிரம் சொல்லிடறேன். 14 லட்சம் பேக்கேஜ்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கும், நம்ம மண்டைல 14ஐ 12ஆல வகுத்து மாசம் 1 லட்சத்து 16 ஆயிரம்னு உக்காந்துரும். ஆனா கம்பெனி நமக்காகக் கட்டுற பிஎஃப் அதுக்குள்ள, கிராஜுவிட்டி அதுக்குள்ள, வருஷக் கடைசில வந்தா வரும் வரலன்னா வராதுங்கற வேரியபிள் பே அதுக்குள்ள, இதெல்லாம் போயி நம்ம பங்கு பிஎஃப் வேற பிடிச்சு வரியும் போனா கைக்கு 90 ஆயிரத்துக்குப் பக்கம்தான் வரும். வீடு பாக்கும்போதும் கார் பாக்கும்போதும் ஆளு 1 லட்சத்து 16 ஆயிரத்த மனசுல வச்சுதான் பாப்பான். உங்க 90 ஆயிரம் கைக்கு வர்றதுன்னு சொல்லியிருக்கீங்க, அதனால இந்த விஷயத்துல நீங்க தெளிவாதான் இருக்கீங்க.

ரெண்டாவதுக்கு என் சித்தப்பா பையன் கணக்கையே சொல்றேன், அவனுக்கும் கிட்டத்தட்ட இதே சம்பளம், சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, ஒரு பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. உங்கள மாதிரியேதான் "எங்க போகுதுன்னே தெரியலக்கா"ன்னான். தெரியாம எங்க போகும், ஸ்டேட்மென்ட்ட எடுடான்னு உக்காந்து எழுதினோம். வாடகை மெயின்டனன்ஸோட 24,500. கார் இஎம்ஐ 13,800. பர்சனல் லோன் 9,600. ஃபோன், ஃப்ரிட்ஜ்னு கார்டுல ஓடுற இஎம்ஐ 6,200. ஊருக்கு அப்பா அம்மாவுக்கு 8,000. ஸ்கூல் வேன் 2,500. இதுக்கே 64,600 போயிடுது. மளிகை, பால், பெட்ரோல், கேஸ், கரண்ட், நெட், வெளில சாப்பிடறது எல்லாம் சேத்து 28,000 சுமாரா. மொத்தம் 92,600. "பாருக்கா, ரெண்டாயிரத்து சொச்சம்தான் இடிக்குது, வெளில சாப்பிடறதக் கொறச்சா சரியாயிடும்"னு அவன் முகத்துல ஒரு நிம்மதி.

அவன் பொண்டாட்டி அடுக்களைல இருந்தே கேட்டா, "அண்ணி, இதுல ஸ்கூல் ஃபீஸ் எங்க?"

அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஸ்கூல் ஃபீஸ் ரெண்டு டெர்ம் சேத்து 85,000. எல்ஐசியும் டெர்ம் பாலிசியும் 24,000. கார் இன்ஷூரன்ஸ் 14,000, வண்டிக்கு 2,000. கார் சர்வீஸ் 10,000. தீபாவளிக்கு ரெண்டு பக்கத்துக்கும் துணி, ஸ்வீட்டு, வெடி 30,000. ஊருக்குப் போக வர 20,000. மொய், சீர், காதுகுத்து, கிரகப்பிரவேசம் 25,000. கூட்டினா 2 லட்சத்து 10 ஆயிரம். மாசத்துக்குப் பிரிச்சா 17,500. இந்த 17,500ங்கற வரி அவன் எக்செல் ஷீட்லயே கிடையாது, ஆனா ஒரு ரூபா கொறையாம வருஷா வருஷம் போயிட்டுதான் இருந்துச்சு.

இப்ப கணக்கு என்ன ஆச்சு? செலவு 1 லட்சத்து 10 ஆயிரம், வரவு 90. மாசம் 20 ஆயிரம் துண்டு விழுது, வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வேரியபிள் பே அந்த வருஷம் 1 லட்சத்து 10 ஆயிரம் வந்துச்சு, அத வச்சு அடைச்சாலும் 1 லட்சத்து 30 ஆயிரம் நிக்குது. அது எங்க நிக்கும்? கிரெடிட் கார்டுலதான் நிக்கும். கார்டு முட்டினதும் ஒரு பர்சனல் லோன் போட்டு அடைக்கறது, அப்புறம் அந்த லோனோட இஎம்ஐ மாசச் செலவுல சேந்துக்கும், அதனால துண்டு இன்னும் பெருசாகும், கார்டு இன்னும் சீக்கிரம் முட்டும். மேல சொன்ன 9,600 எதுக்கு வாங்கினதுன்னு கேட்டா, முந்தின தடவ கார்டு அடைக்க வாங்கினதுதான்.

மொய் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா வெளிநாட்டுக்காரன் எழுதின பட்ஜெட் ஆப் எதுலயும் இதுக்கு எடம் இருக்காது. எங்க பக்கம், மதுரைல இருந்து தேனி வரைக்கும், மொய்ங்கறது அன்பளிப்பே கிடையாது, திருப்பிக் கட்ட வேண்டிய கடன், நோட்டுல பேரு எழுதி வச்சிருப்பாங்க, நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவங்க 2,000 வச்சிருந்தா நாம அதுக்கு மேல வச்சே ஆகணும். அத திடீர் செலவுன்னு சொல்றதுதான் எனக்குச் சிரிப்பா வரும். ஆடிலயும் மார்கழிலயும் முகூர்த்தம் கிடையாது, தை, வைகாசி, ஆவணில பத்திரிகை குவியும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். இதுல ஏதாவது ஒண்ணு திடீர்னு வந்துச்சா? தீபாவளி திடீர்னு வருதா? ஜூன்ல ஸ்கூல் தொறக்கறது திடீர்னா? விசேஷம் இல்லாத ஆடி மாசத்துலயாவது கொஞ்சம் மிச்சமாகும்னு பாத்தா ஆடித் தள்ளுபடின்னு தி.நகர்ல கொண்டு போய்க் கொட்டிட்டு வந்துடறோம், அது வேற கதை.

சரி, கார்டுல நிக்கற அந்த 1 லட்சத்து 30 ஆயிரம் என்ன பண்ணும்னு பாருங்க. வட்டி மாசம் 3.6 சதவீதம்னு வச்சுக்குவோம், நிறைய கார்டுல அந்தச் சுத்துலதான் இருக்கு. மாச வட்டி 4,680, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் 842, ஆக 5,522. மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் கொறஞ்சது கட்டியே ஆக வேண்டிய தொகை, 5 சதவீதம்னா 6,500. நீங்க 6,500 கட்டினா அசல்ல கொறையறது ஆயிரம் ரூபா கூட இல்ல. இதுல இன்னொரு கூத்து, பாக்கி வச்சிட்டா புதுசா தேய்க்கறதுக்கு அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாத சலுகையும் கிடையாது, இன்னிக்கு வாங்கின மளிகைக்கு இன்னிலேருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ கட்டிட்டா லேட் ஃபீ வராது, கட்டாம விட்டதா சிபில்ல (நம்ம கடன் வரலாறு பதிவாகுற எடம்) ஏறாது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம், ஆனா "இந்த மாசம் கட்டியாச்சு"ன்னு நிம்மதியா தூங்கறவங்கள தினம் பாக்கறேன்.

நோ காஸ்ட் இஎம்ஐயும் அப்படித்தான். வட்டியே இல்லாத இஎம்ஐன்னு பேங்க் பேர்ல விக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிடுச்சு, அதனால இப்ப வட்டி அளவுக்கு விலைல தள்ளுபடி காட்டிட்டு வட்டிய தனியா போடறாங்க, அந்த வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீயும் நம்ம தலைல. தொகை சின்னதுதான், நான் அதப் பெருசா சொல்ல மாட்டேன். மாசம் 2,100 தானேன்னு மூணு பொருள் எடுத்தா 6,300 ஆகுது பாருங்க, அதுதான் விவகாரம்.

நகைச் சீட்டு இன்னொண்ணு. மாசம் 5,000 நகைச் சீட்டு கட்டிட்டு இருப்பாங்க, அதே மாசம் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுவாங்க. சேமிக்கறோம்னு ஒரு திருப்தி. 11 மாசம் கழிச்சு சேதாரத்துல கொஞ்சம் கொறையும், சரி, ஆனா அந்தப் பக்கம் வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல வட்டி போயிட்டு இருக்கே. கார்டு பாக்கி தீர்ற வரைக்கும் புதுச் சீட்டு சேர வேண்டாங்கறதுதான் என் கட்சி, இதச் சொல்லி வீட்ல நான் வாங்கின திட்டு வேற.

ஒரு விஷயம், எங்க ஆளுங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். லோன் குடுக்கறதுக்கு நாங்க முக்கியமா பாக்கறது உங்க இஎம்ஐ எல்லாம் சேந்து கைக்கு வர்ற சம்பளத்துல எத்தன சதவீதங்கறது. 50, சில எடத்துல அதுக்கு மேலயும் விடுவாங்க. என் தம்பிக்கு மூணு இஎம்ஐயும் சேத்து 29,600, அதாவது 33 சதவீதம். எங்க ஷீட்ல அவன் தங்கமான கஸ்டமர், இன்னும் 15 ஆயிரம் இஎம்ஐக்கு தாராளமா லோன் குடுக்கலாம். அவன் ஊருக்கு அனுப்பற 8,000, ஸ்கூல் ஃபீஸ், மொய் எல்லாம் அந்த ஷீட்ல வராது, வாடகையையே நிறைய எடத்துல பாக்கறதில்ல. அதனால "உங்களுக்கு 8 லட்சம் ப்ரீ அப்ரூவ்டு"ன்னு மெசேஜ் வந்தா உங்களால கட்ட முடியும்னு யாரோ கணக்குப் போட்டுட்டாங்கன்னு நெனைக்காதீங்க. நீங்க கட்டாம ஓட மாட்டீங்கன்னு மட்டும்தான் போட்டிருக்காங்க.

இப்ப என்ன பண்றதுன்னா, முதல்ல 12 மாச ஸ்டேட்மென்ட் எடுங்க, மூணு மாசம் போதாது, ஏன்னா ஸ்கூல் ஃபீஸும் தீபாவளியும் இன்ஷூரன்ஸும் ஒரே மூணு மாசத்துல வராது. கார்டு ஸ்டேட்மென்டும் சேத்து எடுங்க. மாசாமாசம் வராத செலவ மட்டும் மார்க்கர்ல கோடு போட்டுக் கூட்டுங்க, 12ஆல வகுங்க. வீட்ல மனைவியோ அம்மாவோ இருந்தா கூட உக்கார வைங்க, பாதி அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்தத் தொகைக்கு ஒரு தனி அக்கவுன்ட், டெபிட் கார்டு வாங்காம, யூபிஐல சேக்காம. சம்பளம் விழுந்த மறுநாளே தானா அதுக்குப் போற மாதிரி பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துடுங்க. ஃபீஸ், பிரீமியம், மொய் எல்லாம் அதுலேருந்துதான். போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் கட்டற ஆர்டில போடலாமான்னு கேப்பீங்க, வேண்டாம், அது 5 வருஷக் கணக்கு, உங்களுக்கு ஜூன்ல காசு வேணும்.

துண்டு விழுந்துட்டு இருக்கும்போது 17,500 எங்கேருந்து ஒதுக்கறதுன்னா, ஒதுக்க முடியாதுதான். என் தம்பி 5,000ல ஆரம்பிச்சான். ஃப்ரிட்ஜ், ஃபோன் இஎம்ஐ முடிஞ்சதும் அந்த 6,200ஐ புது ஃபோனுக்கு விடாம அப்படியே இந்த அக்கவுன்ட்டுக்குத் திருப்பினான், அதுக்குத்தான் நான் அவனோட ரொம்ப மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. அடுத்த வேரியபிள் பே வந்தப்ப முழுசா இதுலயே போட்டான். கார விக்கச் சொன்னேன், கேக்கல, லோன் பாக்கி போக பெருசா மிஞ்சியிருக்காதுங்கறதும் உண்மைதான். வீடு மாறினா மேடவாக்கம் உள்பக்கம் 5,000 கம்மில கிடைக்கும், ஆனா புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, சாமான் ஏத்தி இறக்கற செலவு, புது அட்வான்ஸ் எல்லாம் பாத்தா முதல் வருஷம் லாபமே இல்ல, அதனால அக்ரிமென்ட் முடியற வரைக்கும் தள்ளிப் போட்டான். அப்பா அம்மாவுக்கு அனுப்பறதுல நான் கை வைக்கச் சொல்லவே இல்ல.

பர்சனல் லோன் கேட்டிருந்தீங்க. கார்டு வட்டி 40க்கு மேல, பர்சனல் லோன் உங்க மாதிரி சம்பளத்துக்கு 11லேருந்து 15க்குள்ள கிடைக்கும், அந்தக் கணக்குல பாத்தா போடலாம்தான். வீட்ல நகை சும்மா லாக்கர்ல இருந்தா அரசு பேங்க்ல நகைக்கடன் அதவிடக் கம்மி, 10 சதவீதத்தச் சுத்தித்தான் இருக்கும், என் தம்பி அதத்தான் வச்சு அடைச்சான், அவன் பொண்டாட்டி ஒத்துக்கிட்டது ஒரே நிபந்தனைல: கார்டு லிமிட்ட 30 ஆயிரத்துக்குக் கொறைக்கணும், அதுவும் அவ முன்னாடியே ஆப்ல. நீங்க லோன் போடறதா இருந்தாலும் மேல சொன்ன வருஷக் கணக்க எழுதி முடிச்சிட்டுப் போடுங்க, எழுதாம போட்டா ஒன்றரை வருஷத்துல லோனும் இருக்கும் கார்டும் முட்டியிருக்கும், அந்த ஃபைல் என் டேபிளுக்கே திரும்பி வரும். லோன் தொகை கார்டு பாக்கி அளவுக்கு மட்டும், 50 ஆயிரம் கூட எடுத்துக்கோங்கன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க, வேண்டாம்னுடுங்க. 5 வருஷம் போட்டா இஎம்ஐ சின்னதாதான் தெரியும், 2 வருஷத்துக்குக் கட்ட முடியுமான்னு பாருங்க, முடியலன்னா 3. முன்னாடியே அடைச்சா எவ்வளவு சார்ஜ்னு, லோன் பாஸானதும் குடுக்கற சாங்ஷன் லெட்டர்ல போட்டிருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒரு வரியையாவது படிச்சிடுங்க.