மூளையிலிருந்து எடுத்த பெப்டைடுகள் ரத்தக் குழாய் செல்களை வளர்க்குமா?

மூளைத் திசுவிலிருந்து பிரித்த பெப்டைடுகளை (புரதத்தைப் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய மூலக்கூறுகள்) சேர்த்தால் வளர்ப்புத் தட்டில் ரத்தக் குழாய் செல்கள் வேகமாகப் பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருகும். ஆனால் எந்தப் பெப்டைடு, எந்தச் செல், கூடவே ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) இருக்கிறதா என்பதையும் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த எண்டோதீலியல் செல்களை (ரத்தக் குழாயின் உட்புறத்தை மூடியிருப்பவை) சில ஆண்டுகள் வளர்த்தவன் நான். பிடிவாதமான செல்கள். வெறும் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) நம்பினால் சில தடவை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றியதுமே களைத்துப் போகும். 1979-ல் ஆய்வாளர் மாசியாக்கும் அவருடைய குழுவினரும் மாட்டு ஹைபோதலாமஸ் (மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு பகுதி) சாற்றில் இந்தச் செல்களை வளரவைக்கும் காரணி இருப்பதைக் காட்டினார்கள். அது அமில எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி என்று பிறகு தெரிந்தது. சுமார் 16 கிலோடால்டன் மூலக்கூறு எடை என்பதால், கறாராகச் சொன்னால் அது சிறு பெப்டைடு அல்ல, புரதம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஹெப்பாரின். ஒருமுறை புது மீடியம் (செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) கலக்கும்போது ஹெப்பாரினை விட்டுவிட்டேன். மூளைச் சாறு வழக்கமான அளவில்தான் இருந்தது. மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், கூழாங்கல் பாவியதுபோல் நெருங்கி நிற்க வேண்டிய செல்கள் அகன்று பரந்து, நடுநடுவே வெற்றிடம் விட்டுக் கிடந்தன. பக்கத்து ஃபிளாஸ்க்கில், ஹெப்பாரின் சேர்த்த பழைய மீடியத்தில், தரையே தெரியவில்லை. காரணம் இதுதான்: ஹெப்பாரின் அமில எஃப்ஜிஎஃப்பைப் பிடித்துக்கொண்டு அது சிதையாமல் காக்கிறது, செல்லின் மேலுள்ள ஏற்பியோடு சேரவும் உதவுகிறது. அதே ஹெப்பாரின் ரத்தக் குழாயின் மென்தசைச் செல்களுடைய பெருக்கத்தை அடக்கும். ஒரே குழாயின் இரண்டு அடுக்குகள்தான், ஆனால் விளைவு நேர்மாறு! அதனால்தான் எந்தச் செல் என்று கேட்டேன்.

அப்புறம், மூளைப் பக்கத்திலிருந்து வருவதெல்லாம் வளர்ச்சியைத் தூண்டும் என்றும் நினைக்க வேண்டாம். மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரியையே பாருங்கள். மாட்டின் பிட்யூட்டரி செல்களை வளர்த்த மீடியத்திலிருந்து 1989-ல் ஆய்வாளர் ஃபெராராவின் குழு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிரித்தது. அது எண்டோதீலியல் செல்களைப் பெருகவைக்கும். அதே சுரப்பியின் புரோலாக்டின் என்ற ஹார்மோன் வெட்டுப்பட்டு வரும் 16 கிலோடால்டன் துண்டோ அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும். கச்சாச் சாற்றில் தூண்டுவதும் தடுப்பதும் சேர்ந்தே இருக்கலாம், தொகுதிக்குத் தொகுதி வீரியமும் மாறும். புதுப் புட்டியைத் திறந்தால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முழுச் சோதனையில் இறங்காதீர்கள்.

நீங்களே செய்து பார்ப்பதானால் நான்கு குழிகள் போதும்: எதுவும் சேர்க்காதது, ஹெப்பாரின் மட்டும், பெப்டைடு மட்டும், இரண்டும் சேர்ந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் டிரிப்சின் என்ற நொதி போட்டுத் தட்டிலிருந்து கழற்றிச் செல்களை எண்ணிவிடுங்கள் (நாளுக்கு ஒரு தட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்). செல்களின் செயல்பாட்டை நிறத்தால் அளக்கும் நிறமாற்றச் சோதனையை மட்டும் நம்பினால் செல் பெருகியதா, இருந்த செல்லே சுறுசுறுப்பானதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹெப்பாரின் மட்டும் போட்ட குழியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வந்த வளர்ச்சி எதனால் என்றே சொல்ல முடியாது.