பிட்காயினில் உங்கள் பெயர் எங்கே ஒட்டிக்கொள்கிறது?
வாசகர் கேள்வி – பதில்

பெரிய நிதி நிறுவனங்கள் நடத்தும் பிட்காயின் இடிஎஃப்பில் (பங்குச் சந்தையில் வாங்கும் பிட்காயின் நிதியத்தில்) பணம் போட்டால் என் விவரம் பிளாக்செயினில் பதிவாகுமா?

பதிவாகாது. பிளாக்செயின் என்பது பிட்காயின் பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகும் பொது ஏடு. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான எஸ்இசி, 2024 ஜனவரி 10 அன்று 11 ஸ்பாட் (பிட்காயினையே நேரடியாக வாங்கி வைக்கும்) பிட்காயின் இடிஎஃப்களுக்கு ஒரே நாளில் அனுமதி தந்தது. இவற்றில் பிட்காயினை வாங்கிப் பூட்டி வைப்பது நிதியம். பிளாக்ராக் உட்படப் பெரும்பாலான நிதியங்கள் அந்தப் பொறுப்பைக் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்திடம் விட்டிருக்கின்றன. பிளாக்செயினில் தெரிவது அந்தக் காப்பாளரின் பிட்காயின் முகவரிகள் (கணக்கு எண் போன்றவை) மட்டுமே. உங்கள் பெயர், வங்கிக் கணக்கு, எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதெல்லாம் தரகரின் ஏட்டில் இருக்கும். சாதாரணப் பங்கு வாங்குவதற்கும் இதற்கும் அந்தரங்கத்தில் வித்தியாசம் இல்லை: அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, தரகருக்கு எல்லாம் தெரியும். பிட்காயினையே கையில் வைத்திருந்தால் நிலைமை தலைகீழ். கணக்கு எல்லார் பார்வைக்கும் திறந்து கிடக்கும். அது உங்களுடையது என்று தெரியாத வரைதான் மறைவு.

எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில்) வாங்கி என் சொந்த வாலட்டுக்கு (சாவியை நானே வைத்திருக்கும் மென்பொருளுக்கு) மாற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் புது முகவரிக்கு. இனி யாரும் பின்தொடர முடியாது அல்லவா?

புது முகவரி நல்ல பழக்கம்தான், ஆனால் அது செலவு செய்யும் நாள் வரைதான் காப்பாற்றும். மூன்று தடவையாக 0.01, 0.02, 0.03 பிட்காயின் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 0.055 கொடுக்க வேண்டும். வாலட் மூன்றையும் சேர்த்து 0.06 ஆக்கும், 0.055 அவருக்குப் போகும், கட்டணம் 0.0001 போக மீதி 0.0049 உங்கள் புது முகவரிக்குத் திரும்பும். இதைப் பார்க்கும் பகுப்பாய்வாளர் இரண்டு முடிவுக்கு வருவார். மூன்று முகவரிக்கும் ஒரே பரிவர்த்தனையில் கையெழுத்து விழுந்திருப்பதால் மூன்றும் ஒரே ஆளுடையவை. கொடுக்க வேண்டியது 0.0049 மட்டும் என்றால் 0.01 ஒன்றே போதுமே, மூன்றை ஏன் உடைக்க வேண்டும்? ஆகவே 0.0049தான் மீதிச் சில்லறை. இப்போது புது முகவரியும் மாட்டிக்கொண்டது. இது ஊகம்தான், ஆனால் பெரும்பாலும் பலிக்கும். அந்த மூன்றில் ஒன்றை யாருக்கு அனுப்பினோம் என்று எக்ஸ்சேஞ்ச் சொல்லிவிட்டால் மொத்தச் சங்கிலிக்கும் பெயர் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியது: 'காயின் கன்ட்ரோல்' உள்ள வாலட்டை எடுங்கள் (ஸ்பாரோவிலும் எலக்ட்ரமிலும் உண்டு). வந்த ஒவ்வொரு தொகைக்கும் எங்கிருந்து வந்தது என்று லேபிள் எழுதுங்கள். செலவழிக்கும்போது எதை எடுப்பது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவற்றைக் கலக்காதீர்கள். எக்ஸ்பப் சாவியை (வாலட் முகவரிகளை உருவாக்கப் பயன்படும் பொதுச் சாவியை) எந்த இணையதளத்திலும் ஒட்டாதீர்கள். அதை வைத்துப் பணத்தை எடுக்க முடியாது, ஆனால் அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளையும், இனி வரப்போகிறவற்றையும்கூடப் பார்த்துவிடலாம்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. இருப்பைக் காட்ட வாலட் வேறு யாருடைய சர்வரையோதான் கேட்கிறது. அந்த சர்வருக்கு உங்கள் ஐபி முகவரியும் பிட்காயின் முகவரிகளும் ஒன்றாகப் போகின்றன. சொந்த நோட் (பிளாக்செயினைத் தானே இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டினால் இது அடைபடும். வட்டில் இடம் இல்லையென்றால் பிட்காயின் கோர் என்ற நோட் மென்பொருளின் அமைப்புகளில் prune (பழையதை வெட்டுதல்) என்ற இடத்தில் 550 என்று கொடுங்கள். பரிவர்த்தனைகள் அடங்கிய தொகுதிக் கோப்புகளை 550 எம்பி அளவில் நிறுத்த முயலும். ஆனாலும் முதல் தடவை பிளாக்செயின் முழுவதையும் இறக்கிச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். அது பல நூறு ஜிபி. பழைய வாலட்டைப் பிறகு சேர்த்தால் பழைய தொகுதிகள் இல்லாததால் பரிவர்த்தனைகள் தென்படாது, முழுவதும் திரும்ப இறக்க வேண்டியிருக்கும். பழைய வாலட் இருந்தால் வெட்டாத நோட்தான் நல்லது.

என் வாலட்டுக்குப் பணம் எடுக்கும்போது 'இது யார் முகவரி' என்று எக்ஸ்சேஞ்ச் கேட்கிறதே?

பணச்சலவைத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், 'டிராவல் ரூல்' என்பதை 2019இல் கிரிப்டோவுக்கும் நீட்டித்தது. அதன்படி 1,000 டாலர் அல்லது யூரோவுக்கு மேல் அனுப்பினால் அனுப்புபவர், பெறுபவர் விவரமும் கூடவே போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 30 முதல் இதை இன்னும் கடுமையாக்கியிருக்கிறது: 1,000 யூரோவைத் தாண்டினால் சொந்த வாலட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அந்த முகவரியின் சாவியால் ஒரு செய்தியில் கையெழுத்திடுவது ஒரு வழி, அதிலிருந்து சிறு தொகை அனுப்பிக் காட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதில் வாலட் தானாகவே வேறு முகவரியிலிருந்து அனுப்பிவிட்டால் சோதனை தோற்கும். இங்கேயும் காயின் கன்ட்ரோல் வேண்டும். நிரூபித்த முகவரி உங்கள் பெயரோடு ஒட்டியதுதான், பிறகு பிரிக்க முடியாது. அதனால் எக்ஸ்சேஞ்சுக்கென்று தனி வாலட் வையுங்கள். வரம்புக்குக் கீழே 900, 900 என்று உடைத்து அனுப்பும் யோசனை வேண்டாம். சந்தேகப் பட்டியலில் ஏற்றுவதே அந்தப் பழக்கம்தான்.

ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற நாணயத்தோடு மதிப்பு கட்டப்பட்ட கிரிப்டோ) ரொக்கம் மாதிரிதானே?

இல்லை. டாலர் ஸ்டேபிள்காயின்களான யுஎஸ்டிசி, யுஎஸ்டிடி இரண்டிலும் எந்த முகவரியையும் முடக்கும் வசதி வெளியிடும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கா, பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் சேவையான டொர்னாடோ கேஷ்மீது தடை விதித்ததும், அந்த முகவரிகளில் இருந்த யுஎஸ்டிசியை, அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் முடக்கியது. சட்டைப்பையில் உள்ள நோட்டை யாரும் தூரத்திலிருந்து பூட்ட முடியாது.

நிறுவனம் திவாலானாலோ தரவு கசிந்தாலோ என்ன ஆகும்?

என்னைக் கேட்டால், சாதாரண ஆளுக்கு அரசைவிட இதுதான் பெரிய தலைவலி. 2022 ஜூலையில் திவாலான கிரிப்டோ கடன் நிறுவனமான செல்சியஸ், அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில் வாடிக்கையாளர் பெயர், பரிவர்த்தனைத் தேதி, தொகை எல்லாம் இருந்தன. அது பொதுவில் வெளியானது. தேதியும் தொகையும் கிடைத்தால் பிளாக்செயினில் அதே வரியைத் தேடிப் பிடிப்பது கடினமே இல்லை. 2025 மேயில் காயின்பேஸ், லஞ்சம் வாங்கிய வெளிநாட்டு வாடிக்கையாளர் உதவி ஊழியர்கள் வழியாக 69,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் கசிந்ததாக அறிவித்தது. அதில் வீட்டு முகவரி, அடையாள அட்டைப் படம், இருப்புத் தொகை வரை இருந்தன. இப்படிக் கிடைத்த விவரத்தைச் சொல்லித்தான் 'உங்கள் பணத்தைப் பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்' என்று போலி அழைப்பு வரும். உங்கள் இருப்பைச் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், துண்டித்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குத் தனி மின்னஞ்சல் வையுங்கள், பயன்படுத்தாத கணக்குகளை மூடுங்கள். மூடினாலும் உடனே அழியாது. எஃப்ஏடிஎஃப் விதிப்படி குறைந்தது 5 ஆண்டு அவர்கள் வைத்திருக்க வேண்டும். மூடுவதற்கு முன் பரிவர்த்தனை அறிக்கையை இறக்கிக்கொள்ள மறக்காதீர்கள். வரி கட்டும்போது தேவைப்படும் வாங்கிய விலை அதில்தான் இருக்கிறது.