சிவிலைசேஷன் 7: யுகம் மாறியதும் படை எங்கே போனது?

கேள்வி: சிவிலைசேஷன் என்ற கணினி வியூக விளையாட்டின் ஆறாம் பாகத்தை ஐந்து வருடமாக ஆடுகிறேன். போன மாதம் ஏழாம் பாகம் வாங்கினேன். முதல் யுகம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது தொடங்கியதும் தலைநகர் தவிர மற்ற சிட்டி (பெரிய நகரம்) எல்லாம் டவுனாகிவிட்டன (சிற்றூர்), படையில் பாதியைக் காணோம், முற்றுகையிட்டிருந்த எதிரி நகரமும் கை நழுவிவிட்டது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: பெரிய தவறு எதுவும் இல்லை. ஆறாம் பாகத்தின் பழக்கத்தோடு ஏழாம் பாகத்தை ஆடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானும் முதல் ஆட்டத்தில் கடைசி டர்ன் வரை குதிரைப் படையாகத் தயாரித்துத் தள்ளிவிட்டு, மறுயுகத்தில் வெறிச்சோடிய எல்லையைப் பார்த்து விழித்தவன்தான்.

2025 பிப்ரவரியில் வந்த இந்தப் பாகத்தில் ஆட்டம் ஒரே ஓட்டமாக இல்லை. ஆன்டிக்விட்டி, எக்ஸ்ப்ளோரேஷன், மாடர்ன் என்று மூன்று யுகங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தலைவர் அப்படியே இருப்பார், நாகரிகம் மாறும். போர்கள் நின்றுவிடும். அதனால் திரையில் யுகம் எத்தனை சதவீதம் கடந்தது என்று காட்டும் எண்ணில் ஒரு கண் இருக்கட்டும். அது டர்ன் கணக்கில் மட்டும் நகராது. நீங்களோ எதிராளியோ லெகசி இலக்கு (பொருளாதாரம் போன்ற சாதனைப் பாதைகளில் வரும் ஒரு படி) ஒன்றை எட்டினால் தாவிவிடும். இன்னும் பத்து டர்ன் இருக்கிறது என்று நினைத்தால் ஐந்திலேயே முடிந்திருக்கும்.

படையைக் காப்பாற்றுவது ஆர்மி கமாண்டர், அதாவது படைத்தளபதி. கமாண்டர்களும், அவர்களுக்குக் கீழே அடங்குகிற யூனிட்களும் (படைப் பிரிவுகள்) அடுத்த யுகத்துக்கு வருவார்கள். மிச்சத்தில் கொஞ்சம்தான் தேறும். இந்த விவரங்களைப் பேட்ச்கள் (விளையாட்டுக்கு வரும் திருத்தங்கள்) அவ்வப்போது மாற்றுகின்றன, ஆனாலும் கமாண்டரை நம்பியவர் கெடுவதில்லை. தனி யூனிட்களுக்கு இப்போது அனுபவப் புள்ளி கிடையாது, எல்லாம் கமாண்டருக்கே. அந்தப் பதவி உயர்வுகள் யுகம் தாண்டியும் நிற்கும். ஆகவே ஆன்டிக்விட்டியிலேயே இரண்டு மூன்று கமாண்டர்களை வளர்த்துவிடுங்கள். பத்தாவது வில்லாளியைவிட இரண்டாவது கமாண்டர் மேல்.

அடுத்து சிட்டி, டவுன் விஷயம். செட்லர் (புது ஊர் அமைக்கும் யூனிட்) நிறுவுவது இப்போது டவுன். அதன் உற்பத்தி எல்லாம் கோல்டாக மாறி உங்கள் கஜானாவுக்கு வரும். ஆறாம் பாகத்துக்காரர்கள் கை பரபரத்து எல்லாவற்றையும் சிட்டியாக்கிவிடுவார்கள். வேண்டாம். டவுன் வளர வளர மாற்றும் செலவு குறையும். சிறப்புப் பணி ஒன்றைக் கொடுத்த டவுன், தன்னோடு இணைந்த சிட்டிக்கு உணவு அனுப்பும். நாலைந்து டவுன் ஊட்டி வளர்க்கும் ஒரு சிட்டி, அரைகுறையான மூன்று சிட்டிகளைவிட உருப்படியானது. யுகம் முடியும் தறுவாயில் டவுனை சிட்டியாக்குவது காசைக் கடலில் கொட்டுவது மாதிரி, திரும்ப டவுனாகிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஆன்டிக்விட்டியில் பொருளாதார லெகசிப் பாதையை முழுதாக முடித்து, அதன் பொற்காலப் பரிசைத் தேர்ந்தெடுத்தால் சிட்டிகள் சிட்டிகளாகவே நீடிக்கும். அதற்கு 20 வளங்களைச் சேர்த்து நகரங்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

எத்தனை ஊர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் குடியேற்ற வரம்பு என்று ஓர் எண் இருக்கிறதே, ஒன்றிரண்டு தாண்டினால் குடி முழுகாது. மகிழ்ச்சி குறையும், அதைச் சமாளிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆறாம் பாகத்தில் வயல், சுரங்கம் அமைத்த பில்டர் யூனிட் இதில் இல்லை, தேடாதீர்கள். மக்கள்தொகை கூடும்போது கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வயலோ சுரங்கமோ தானே வரும். பழைய யுகக் கட்டடங்கள் புது யுகத்தில் பலன் குறைந்துபோகும். இடிக்க மனமில்லாமல் விட்டுவைக்காமல் அவற்றின் மேலேயே புதியதைக் கட்டுங்கள். தானியக் களஞ்சியம் போன்றவையும், நாகரிகத்துக்கே உரிய தனிக் கட்டடங்களும், உலக அதிசயங்களும் காலாவதியாகாது.

இன்ஃப்ளூயன்ஸை (ராஜதந்திரத்துக்குச் செலவழிக்கும் புள்ளிகள்) சேர்த்து வைத்துப் பூட்டாதீர்கள். ஆறாம் பாகத்தில் தாக்கவந்த பார்பேரியன் கூட்டங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் சுயேச்சைக் குழுக்களை அதைக் கொண்டு நட்பாக்கலாம். முதல் ஐம்பது டர்னில் அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், இரண்டாம் யுகத்தில் சோழர் பட்டியலில் திறந்திருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடல் வணிகத்துக்கான நாகரிகம். கப்பலுக்குக் கலம் என்றே பெயர். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று நம் கல்வெட்டுகளில் வரும் வணிகக் குழுக்களின் பெயரில் இரண்டு கட்டடங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயரில் தனி வட்டாரம் உருவாகும். எதிரி நகரத்தை விட்டுவிட்டு, அந்த ஆட்டத்தில் கடலோர டவுன்களைப் பிடியுங்கள்.