கார்பன் மோனாக்சைடு அடைப்பைத் தடுக்குமா?

கேள்வி: சார், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு ரத்தக்குழாய் அடைப்பைத் தடுக்குமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் எலியில். 2003-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் லியோ ஆட்டர்பைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அடைப்பை நீக்கக் குழாய்க்குள் பலூனை விரிக்கும்போது உட்சுவர் காயப்படுகிறது. காயம் ஆறும்போது அங்குள்ள தசை செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, திறந்துவிட்ட குழாயே மறுபடி குறுகிவிடலாம். எலிகளுக்கு இப்படிக் காயம் உண்டாக்கும் முன், பத்து லட்சத்தில் 250 பங்கு இந்த வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். செல் பெருக்கம் வெகுவாகக் குறைந்தது. கொழுப்பு படிந்து உண்டான பழைய அடைப்பைக் கரைத்ததாக அதில் இல்லை. தலைப்பை மட்டும் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கேள்வி: விஷம் எப்படிங்க மருந்தாகும்?

பதில்: நம் உடம்பே இதைத் தயாரிக்கிறது. பழைய சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதிக்கு ஹீம் என்று பெயர். அதை ஹீம் ஆக்சிஜினேஸ் என்ற நொதி உடைக்கும்போது இரும்பு, பச்சை நிற பிலிவெர்டின், கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு மூன்றும் வரும். அடிபட்டுக் கன்றிய இடம் பச்சையாவது இதனால்தான். அழற்சி வந்தால் இந்த நொதி கூடும். அந்தத் துளி வாயுதான் தசை செல்களைப் பெருகவிடாமல் அடக்குகிறது. அளவு மிஞ்சினால், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்; மூச்சு இருந்தும் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது.

கேள்வி: அப்ப சிகரெட் புகையும் நல்லதுதானே? சும்மா கேக்கறேன்!

பதில்: சும்மா கேட்பவர்கள் கையில்தான் சிகரெட் இருக்கிறது. இதயக்குழாய் நோயுள்ள ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1989-ல் வெளியானது. இந்த வாயு பிடித்த ஹீமோகுளோபின் வெறும் 2 சதவீதம் ஆனபோதே, உடற்பயிற்சியில் நெஞ்சுவலி சீக்கிரம் வந்தது. புகைப்பவர்களிடம் அது 5 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

கேள்வி: புகையில் உள்ள இந்த வாயுதான் அடைப்பையே உண்டாக்குகிறதா?

பதில்: 1960-களில் டென்மார்க்கின் பால் ஆஸ்ட்ரப் குழுவினர் முயல்களை வைத்து அப்படித்தான் சொன்னார்கள். பிறகு அதே நாட்டில், எந்த முயல் வாயுவைச் சுவாசித்தது என்று தெரியாமலேயே குழாய்களைப் பார்த்தபோது வித்தியாசம் காணாமல் போய்விட்டது! புகையில் வேறு குற்றவாளிகள் நிறைய உண்டு.

கேள்வி: அப்பாவுக்குப் போன மாசம் ஸ்டென்ட் வெச்சாங்க. இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?

பதில்: வழக்கச் சிகிச்சையில் இது எங்கேயும் இல்லை. ஸ்டென்ட் என்பது குழாயைத் திறந்தபடி வைக்கும் சிறு வலைக்குழல். 2003-லேயே மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது. அதில் பூசிய சிரோலிமஸ் என்ற மருந்து தடுப்பதும் இதே தசை செல் பெருக்கத்தைத்தான். அதனால்தான் வாயுவுக்கு அவசரம் இல்லாமல் போனது என்பது என் கணிப்பு. ரத்தம் உறையாமலிருக்க அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.