பிரிட்டனில் உள்ளாட்சி மன்றம் ஒரு துறைமுகத்தை எப்படி நிர்வகிக்கிறது?

பிரிட்டனில் சில துறைமுகங்கள் தனியார் கம்பெனிகளிடம் இருக்கின்றன, சில அறக்கட்டளை அமைப்புகளிடம். மூன்றாவது வகை, உள்ளாட்சி மன்றமே நடத்தும் நகராட்சித் துறைமுகம். மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் வந்துபோகும் சிறிய இடங்களே இதில் அதிகம்.

இங்கே மன்றத்துக்கு இரண்டு வேடம்: சாலை, குப்பை பார்க்கும் உள்ளாட்சி ஒன்று, சட்டப்படியான துறைமுக நிர்வாகம் இன்னொன்று. இரண்டின் பணமும் கலந்தால்தான் சிக்கல். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்கென்று வசூலித்ததை வேறு எதற்கோ செலவழித்தால், லிஃப்ட் நிற்கும் நாளில் கையில் காசு இருக்காது. துறைமுகத்தில் அந்த லிஃப்ட், அலைதடுப்புச் சுவரும் தூர்வாரலும். வாராமல் விட்டால் வண்டல் சேர்ந்து, நீர் இறங்கும்போது படகு தரைதட்டும். தனிக் கணக்கு, தனிக் குழு என்று வற்புறுத்துவது அதனால்தான்.

அன்றாட வேலை ஹார்பர் மாஸ்டருடையது. எந்தக் கப்பல் எப்போது நுழையலாம், எங்கே கட்டலாம் என்று அவர் உத்தரவிடலாம், மீறினால் அபராதம். கப்பல், சரக்கு, பயணிகளுக்கான கட்டணத்தை 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றம் விதிக்கிறது.

பாதுகாப்புக்கு 2000இல் வந்த நெறிமுறை உண்டு. அதன்படி இறுதிப் பொறுப்பு மன்றத்துடையது. பெரும்பாலும் உறுப்பினர்கள் கூட்டாகச் சுமப்பது. ஊழியர்மேல் தள்ளிவிட முடியாது. தேர்தலில் புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தராமல் விடுவது, என் பார்வையில், பெரிய ஓட்டை.

துறைமுகம் மன்றத்துடையது என்பதால் அது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பொருந்தும் துறைமுகம், கட்டணம் செலுத்தும் எவரும் சரக்கையோ பயணிகளையோ ஏற்றி இறக்கத் திறந்திருக்க வேண்டும்.