பல்கலைக்கழகத்திடம் ஊர் என்ன கேட்கலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள் வாங்கும் பட்டத்தில் பெரியார் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறது. அதைத் தாண்டி அதற்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து வந்து என்.எஸ்.எஸ். முகாம் போட்டார்கள். ஏழு நாள் கோயிலைச் சுத்தம் செய்தார்கள், மரக்கன்று நட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எங்கள் ஊரில் நிறையப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாக இருக்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் பார்க்க மாட்டார்களா? நாங்களாகப் போய்க் கேட்கலாமா, யாரிடம் கேட்பது? என் அண்ணன் மகள் பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். அவள் மூலமாகப் போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கேட்கலாம். ஊர் எதுவும் கேட்காதபோது கல்லூரி தனக்குத் தேவையானதைச் செய்துவிட்டுப் போகும். உங்கள் ஊரில் நடந்தது அதுதான்.

முகாமின் கணக்கு இது. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு 7 நாள் சிறப்பு முகாம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் தேசிய அமைப்பான 'நாக்' மதிப்பிட வரும்போது, ஊருக்குச் செய்யும் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் உண்டு. அதற்கு இடமும் தேதியும் பதிந்த புகைப்படம் சான்றாகக் கேட்பார்கள். மறுவருடம் கன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்பவர் அரிது. முகாம் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகு, தேர்வுக்கு முந்தைய மாதங்களில் வரும். அப்போது நட்ட கன்றுக்கு வேர் பிடிக்குமுன் கோடை வந்துவிடுகிறது, தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை முகாமுக்கு உங்கள் ஊரைக் கேட்டு வந்தால், கன்று வேண்டாம், வீடு வீடாகக் குடிநீர்க் கணக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பல்கலைக்கழகம் என்றதும் சேலம் கருப்பூர் வளாகம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1997-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டம் எல்லை. அதில் இணைந்த கல்லூரிகள்தான் அதன் கைகால். உங்கள் கேள்வியைக் கருப்பூர்வரை கொண்டுபோக வேண்டியதில்லை. ஆய்வகமும் முதுகலை வகுப்பும் உள்ள பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறைத்தலைவர் போதும். துணைவேந்தர் இல்லாமல் பல்கலைக்கழகங்கள் நாள் தள்ளுகிற காலத்திலும், ஒரு மாணவருக்கு என்ன புராஜெக்ட் கொடுப்பது என்பது துறையின் மேசையிலேயே முடிவாகிற விஷயம். கற்பித்தல், ஆராய்ச்சியோடு விரிவாக்கப் பணியையும் மூன்றாவது கடமையாக 1977-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சேர்த்துவிட்டது. அதனால் தயவு கேட்கும் தோரணை வேண்டாம்.

கடிதத்தில் 'எங்கள் ஊர் தண்ணீரைப் பாருங்கள்' என்று எழுதினால் பதில் வராது. 'எங்கள் ஊராட்சியில் குடிக்கப் பயன்படும் போர்வெல், அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி இத்தனை, பட்டியல் இணைத்திருக்கிறோம், ஒவ்வொன்றிலும் ஃபுளோரைடு அளவு வேண்டும்' என்று எழுதுங்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு அளவு கூடினால் பல்லில் பழுப்புக் கறை வரும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எண், தெரு, ஆழம், எந்த வருடம் போட்டது என்பது இருக்கட்டும். ஊராட்சித் தலைவரோ, தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலரோ கையெழுத்திடட்டும். கிராமசபைத் தீர்மான எண்ணும் சேர்ந்தால் துறைக்கு அது ஒரு ஆவணம் ஆகிவிடும். முதுகலை இறுதிப் பருவம் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும், தலைப்பு அதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவே கடிதம் அக்டோபருக்குள் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரியில் போனால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்பார்கள். அடுத்த வருடம் அந்தப் பேராசிரியர் அங்கே இருப்பாரா என்பது வேறு கதை.

ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது மாதிரி எடுக்கும் முறை. தவறு அதிகம் நடப்பது அங்கேதான். ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். அரை லிட்டர் போதும். பம்பை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். எண்ணை மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறிப்போகும். பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். ஃபுளோரைடு பார்க்க எடுத்த தண்ணீர் சில வாரம் கெடாது. ஆனால் கிருமிப் பரிசோதனைக்கு இதே பாட்டிலைக் கொடுத்தால் பயனில்லை. அதற்குக் கிருமி நீக்கிய தனிப் பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றே ஆய்வகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு முடித்துவிட்டு 'பரிசோதித்தோம்' என்று எழுதிய அறிக்கைகள் உண்டு.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. வண்ணம் மாற்றிப் பார்க்கும் கையடக்கப் பெட்டி, அளவு 4 என்றால் சரியாகக் காட்டிவிடும். 1.3-க்கும் 1.7-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, உங்களுக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம். அதனால் அளவை எண்ணாகவே காட்டும் மின்முனைக் கருவியில் (எலெக்ட்ரோடு) அளந்தார்களா என்று கேளுங்கள். ஒருமுறை அளந்து நிறுத்தவும் கூடாது. மழைக்குப் பிறகு ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை, மாணவர் புராஜெக்ட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் கோடைக்கால அளவு காணாமல் போகிறது. மே மாத மாதிரியை ஊரே எடுத்து வைத்து, ஜூனில் கல்லூரி திறந்ததும் கொடுப்போம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பல் விஷயத்தில் ஒன்று. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் கறையாக வெளிப்படும். இன்று பதினாலு வயதுப் பையனின் பல்லை வைத்து இன்றைய குழாயைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் குழந்தையாக இருந்தபோது வீட்டில் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான். காவிரித் தண்ணீர் வராத நாளில் மட்டும் போர் தண்ணீரா, தினமும் சமையலுக்கு அதுவா என்பதும் கணக்கெடுப்பில் இருக்கட்டும். எல்லாப் பழுப்பும் ஃபுளோரைடு அல்ல, பல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு போகாது, அளவு கூடத்தான் செய்யும்.

முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் ஏறிவிடும், யாரும் படிக்கலாம். எம்.எஸ்சி. புராஜெக்ட் துறை அலமாரியோடு சரி. பம்பு எண் வாரியாக ஒரு பக்கத் தமிழ் அட்டவணை ஜனவரி 26 கிராமசபைக்கோ, அது முடியாவிட்டால் மார்ச் 22 கிராமசபைக்கோ வர வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அது வரை போகவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது, மறுமுறை அதே வாசலுக்குத்தானே போக வேண்டும்.

கல்லூரி அறிக்கையை வைத்துக் குடிநீர் வாரியம் ஒரு போர்வெல்லை மூடாது. 1.5-ஐத் தாண்டிய மாதிரிகளுக்கு இன்னொரு பாட்டில் எடுத்து வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டு தாளையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு போடுங்கள்.

'உன்னத் பாரத் அபியான்' என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் 2014-லிருந்து இருக்கிறது. சேர்ந்த கல்லூரிகள் குறைந்தது ஐந்து ஊர்களைத் தத்தெடுக்க வேண்டும். உங்கள் ஊர் ஏற்கெனவே யார் பட்டியலிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். தத்துப் போனதே தெரியாத ஊர்கள் உண்டு.

உங்கள் அண்ணன் மகள் மூலம் போவது நல்ல வழி. முதலாண்டு என்பதால் நேரமும் இருக்கிறது, வரும் ஆண்டு அவளே இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கலாம். ஆனால் முடிவை அவள் வாயால் ஊரில் சொல்ல வைக்காதீர்கள். எந்தத் தெருப் பம்பு மோசம் என்று சொன்னால் அந்தத் தெருக்காரர் கோபம் அவள் மீது திரும்பும். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட தாளாக அது வரட்டும், கிராமசபையில் பேராசிரியர் வந்து படிக்கட்டும்.