வன்னியில் ஓர் இலகுரக ஸ்போர்ட்ஸ் காரை வைத்துப் பராமரிக்க முடியுமா?

லோட்டஸ் செவன் போல, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டக்கூடிய இலகுரக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வன்னியில் வைத்து ஓட்டவும் பராமரிக்கவும் முடியுமா, உதிரிப்பாகங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அந்த வகைக் கார் ஒன்று வவுனியாவில் என் வீட்டில் நிற்கிறது. மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில் கிழமைக்கு ஒருமுறையாவது அதை ஏ9 வீதியில் ஓட்டுகிறேன். உதிரிப்பாகம் கிடைக்காது, திருத்த ஆள் கிடையாது என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என் அனுபவத்தில் அது சரியன்று. என்ஜினுக்கு வேண்டியவற்றைத் தேடி எடுக்கலாம், அதைத் திருத்தும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. நீங்கள் கவலைப்பட வேண்டியது சட்டகத்தைப் பற்றித்தான்.

லோட்டஸ் செவன் என்பது இங்கிலாந்தில் கொலின் சப்மன் 1957ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்த கார். மெல்லிய உருக்குக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டகம், அதன்மேல் அறைந்த அலுமினியத் தகடு, முன்னால் ஒரு சிறிய என்ஜின், இரண்டு இருக்கைகள் ஆகியவற்றுக்கு அப்பால் அதில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். முழுமையாகப் பூட்டிய காருக்கு அந்நாட்டில் அப்போது கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. ஆகவே வாங்கியவர்கள் தங்கள் வீட்டிலேயே அதைப் பூட்டிக்கொண்டார்கள். 1973இல் அவ்வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்தது. அதே ஆண்டு அந்தக் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. வீட்டுக் கொட்டிலில் சாதாரணக் கருவிகளால் பூட்டுவதற்கென்றே வகுக்கப்பட்ட கார் என்பதால், அதே கருவிகளால் அதைக் கழற்றித் திருத்தவும் முடியும். வன்னியில் இருப்பவருக்கு இது சிறிய நன்மையன்று.

என்னிடம் உள்ளது லோட்டஸ் அன்று. அதன் வடிவைப் பின்பற்றி இலங்கையிலேயே ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கட்டி, முறையாகப் பதிவு செய்த கார். மொறிஸ் மைனரின் 1098 சீசீ என்ஜினும் கியர் பெட்டியும் ஸ்டியரிங்கும் முன்சில்லுகளைத் தாங்கும் பாகங்களும் அதில் உள்ளன. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சீசீ அளவில் தொடங்கிய இந்த என்ஜின் குடும்பம், மைனர், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், மினி என்று பல கார்களில் ஏறி, 2000ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. லோட்டஸ் செவன் கார்களிலும் ஒரு பகுதிக்கு இதே குடும்பத்தின் 948 சீசீ என்ஜினைப் பூட்டினார்கள். ஆகவே என் காரில் உள்ள சேர்க்கை ஏதோ விபரீதமானது என்று எண்ண வேண்டாம். 1098 என்ஜின் தருவது 48 குதிரை வலுதான். மைனரின் எடை முக்கால் தொன்னைச் சற்றுத் தாண்டும்; என் காரின் எடை அரைத் தொன் அளவில் நிற்கிறது. அந்த வேறுபாட்டை, கியர் மாற்றிக் காலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் முதுகு உணரும்.

இனி, என்ஜினைத் திருத்தும் கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் இருந்தபோது, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த கொஞ்சப் பெற்றோலை ஒரு சிறு போத்தலில் வைத்து, அதிலிருந்து சில துளிகளை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எரியாமல் தங்கியது சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், எரிந்தது வால்வுகளில் கரியாகப் படியும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றுவதும், ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதும், வால்வுகளை அரைத்துப் பொருத்துவதும் அக்காலத்து மெக்கானிக்குகளுக்கு அன்றாட வேலையாக இருந்தன. போரால் மூடியிருந்த ஏ9 வீதி 2002இல் திறந்த பின் அந்தத் தேவை குறைந்தது, ஆனால் அந்த அறிவு அவர்களிடம் இருக்கிறது. என் காரைக் கிளிநொச்சியில் முதன்முதலாகப் பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர், மூடியைத் திறந்ததும், "தம்பி, இது மைனர் என்ஜின்தானே, இதுக்கு ஏன் பயப்பிடுறீர்?" என்றுதான் கேட்டார். வால்வு இடைவெளி 12 தவுசன்ட் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 12 பங்கு), பொயின்ற் 15, பிளக் 25 என்று ஏட்டைப் பார்க்காமல் சொன்னார், மூன்றும் சரி. எஸ்.யு. வகைக் காபரேற்றரின் உள்ளே ஏறியிறங்கும் பிஸ்டனைச் சிறிதளவு தூக்கி, என்ஜின் வேகம் கூடி நின்றால் பெற்றோல் மிகுதி, உடனே தளர்ந்தால் பெற்றோல் குறைவு, கணநேரம் கூடித் திரும்பினால் அளவு சரி என்று காதால் அறியும் முறையையும் அவர் எனக்குப் பழக்கிவிட்டார். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் அதைத்தான் செய்கிறேன்.

அதே என்ஜினின் அமைப்பில் ஒரு தொல்லையும் உண்டு. பெற்றோல் உள்ளே போகும் பக்கமும் புகை வெளியே வரும் பக்கமும் ஒன்றே. காபரேற்றர், கொதிக்கும் புகைக்குழாய்க்கு அருகிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் ஓடிய காலத்தில் அந்தச் சூடு பேருதவியாக இருந்தது, ஏனெனில் அதுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. இன்று பெற்றோலில் ஓடும்போது அதே சூடு எதிராக வேலை செய்கிறது. நண்பகலில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால், காற்றோட்டம் நின்ற அந்த இடைவேளைக்குள் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து, என்ஜின் தொடங்க மறுக்கும். இதற்குக் காபரேற்றருக்கும் புகைக்குழாய்க்கும் இடையே ஓர் அலுமினியத் தகட்டு மறைப்பு வைப்பதும், பெற்றோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும் போதுமான தீர்வு. றேடியேற்றருக்கு மின்விசிறியும், 74 பாகை செல்சியசில் திறக்கும் தேர்மோஸ்ரற்றும் (சூடேறியதும் றேடியேற்றருக்கு நீரை விடும் வால்வு) போடுங்கள். 88 பாகையில் திறப்பது குளிர்நாட்டுக்கு உரியது.

பாகங்களில், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காதவை குறைவு. அங்கும் இல்லாததை இங்கிலாந்திலிருந்து வருவிக்கலாம், ஏனெனில் மைனருக்கும் மினிக்கும் அங்கே இன்றும் புதிய பாகங்கள் செய்கிறார்கள். நட்டும் போல்ட்டும் அங்குல அளவில் இருப்பது இந்த நாளில் பலருக்குத் தலைவலி. வன்னியில் அப்படியன்று. இங்கு வயல் உழும் பழைய மசி பேர்குசன் உழவு இயந்திரங்களிலும் அதே அங்குல அளவுதான் என்பதால், உழவு இயந்திரம் திருத்தும் எந்தக் கராஜிலும் அந்த அளவுச் சாவிகள் இருக்கும்.

சட்டகத்துக்கு வருகிறேன். இங்கு நிதானமாக வாசியுங்கள். இந்தக் கார்களின் குழாய்ச் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர் அளவே தடிப்பானது. வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலத் தெரியும் குழாய், உள்ளே துருப்பிடித்துத் தாள் போல மெலிந்திருக்கலாம். அலுமினியத் தகட்டை அறைந்த ரிவெற் ஒவ்வொன்றும் குழாயில் ஒரு துளை. மாரியில் அத்துளை வழியே நீர் உள்ளே இறங்கித் தங்கும். அதற்கு மேலாக, அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் இருந்தால், தகடு வெண்பொடியாக உதிரத் தொடங்கும். ஆகவே வடகீழ்ப் பருவமழை வருமுன், செப்ரெம்பரில், தரைத்தகடுகளைக் கழற்றி, ஒவ்வொரு குழாயையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் மணிபோல ஒலிக்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். குழாய்களின் உள்ளே துருத்தடுப்பு எண்ணெயைச் செலுத்தி, திரும்பப் பூட்டும்போது தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே அடைப்புப் பசை பூசுங்கள். பிறகு சில்லுத் தாங்கிகள் சட்டகத்தில் பொருந்தும் இடங்களையும் என்ஜின் தாங்கிகளையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஒட்டின் ஓரத்தில் பெயின்ற் வெடித்து, மயிரிழை போல ஒரு செந்நிறக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு.

வெடிப்பைக் கண்டால் அதை யாரிடம் கொடுப்பது என்பது முக்கியம். நம் ஊர் வெல்டிங்காரர்கள் உழவு இயந்திரப் பெட்டிகளைக் கட்டுவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் அது தடித்த இரும்பு. அதே மின்னோட்டத்தில் மெல்லிய குழாயைத் தொட்டால் ஓட்டை விழும். ஓட்டையை மூட ஒரு பட்டம், அதாவது இரும்புத் தகட்டுத் துண்டு, வைத்து ஒட்டுவார்கள். பட்டம் வைத்த இடம் விறைத்துப்போக, அடுத்த வெடிப்பு அந்தப் பட்டத்தின் ஓரத்தில் வரும். இப்படி ஒவ்வொன்றாகப் பட்டம் சேர்ந்த கார் ஈற்றில் பாரமாகவும் இருக்கும், பலமற்றதாகவும் இருக்கும். மெல்லிய தகடு ஒட்டிப் பழகிய, கம்பிச்சுருள் வெல்டிங் இயந்திரம் உள்ள ஒருவரைத் தேடி, கெட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுக்குழாய் பொருத்துங்கள். தொடங்குமுன் பற்றரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

புழுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ9 நன்றாக இருக்கிறது. அதிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் வீதிகளில்தான் கச்சான் எனும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் செம்புழுதி எழும். கூரையோ கதவோ இல்லாத காரில் அது எல்லா இடத்துக்கும் போகும். என்ஜினுக்குள் போகும் காற்றை வடிக்க, அழகுக்காகப் போடும் கம்பிவலை வடிகளை விட்டுவிட்டு, பெரிய தாள்வடி போடுங்கள். மைனரின் முன்சில்லுத் தாங்கிகள் மறைப் பிடிப்பில் (திருகாணி போன்ற புரியில்) திரும்புபவை. அங்கே கிறீஸ் வற்றிப் புழுதி சேர்ந்தால் மறை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து விழும். மைனர் வைத்திருந்த எவரும் இதை உங்களுக்குச் சொல்வார். புழுதி வீதியில் ஓடிய பின், நாள் கணக்கோ மைல் கணக்கோ பார்க்காமல், கிறீஸ் அடித்துவிடுங்கள். என்ஜின் ஒயில் தொட்டி தாழ்வாகத் தொங்குவதால் அதற்குக் கீழே ஒரு காப்புத் தகடும் வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் இரண்டு வார்த்தை. ஊர்மனைக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். தரையோடு தரையாக அமர்ந்து, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் நோக்கிக் காட்டு வழியே ஓட்டும்போது, அந்த எல்லைக்குள்ளேயே மனம் நிறைந்துவிடும். இந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பேருந்துச் சாரதியின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பகலிலும் விளக்கைப் போட்டு ஓடுங்கள். மாடுகள் வீதிக்கு வரும் மாலைப்பொழுதுக்கு முன் வீடு திரும்பிவிடுங்கள்.

வாங்குவதற்கு ஏதேனும் பார்த்திருந்தால், முதலில் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் (சட்டக) இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் விலை பேசவே வேண்டாம். ஒத்திருந்தால், காரை உயர்த்தி நிறுத்தித் தகட்டைக் கழற்றிக் குழாய்களைத் தட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எப்படித் தட்டுவது, எந்த ஒலி எப்படியிருக்கும் என்பதை எழுத்தில் விளக்குவது கடினம். நான் வரும் செப்ரெம்பரில் என் காரின் தரைத்தகடுகளைக் கழற்றுவேன். வவுனியாவுக்கு வர முடிந்தால், இங்கே தகவல் அனுப்புங்கள், நேரில் காட்டுகிறேன்.